அலையே இல்லாத இடத்தில் கற்றையைப் பாய்ச்சாதீர்கள்

துடிவிண்மீன் பிளாஸ்மாவைக் கணக்கிடும் ஆய்வு மாணவர்களுக்கும் அவர்களின் நெறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

1967இல் ஜோசலின் பெல் கேம்பிரிட்ஜில் முதல் துடிவிண்மீனைக் கண்டார். அது ஏன் ரேடியோ அலைகளை வீசுகிறது என்ற கேள்விக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைத் தேடி நீங்கள் வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. உங்கள் ஆய்வேடுகளையும் கட்டுரை வரைவுகளையும் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்குப் பல ஆண்டுகளாக வாய்த்திருக்கிறது. அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒரு பழக்கத்தைப் பற்றி உங்களிடம் நேராகவே பேச வேண்டும் என்று தோன்றியது. வாய்மொழித் தேர்வின் அரைமணி நேரத்தில் இதைச் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் மடலாக எழுதுகிறேன்.

அந்தப் பழக்கம் இதுதான். உங்கள் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் குளிர்ந்த பிளாஸ்மா ஒன்று வரும். அதற்குள் குளிர்ந்த கற்றை ஒன்று பாயும். வளர்வீதத்துக்கான பழைய சூத்திரம் எடுத்து எழுதப்படும்: கற்றை அடர்த்தியைப் பிளாஸ்மா அடர்த்தியால் வகுத்து, கனமூலம் எடுத்து, பிளாஸ்மா அதிர்வெண்ணால் பெருக்கி, கற்றையின் லாரன்ஸ் காரணியால் வகுத்து, முன்னால் 0.69 என்ற எண்ணைப் போடுவீர்கள். மூன்றாம் அத்தியாயத்தில் துடிவிண்மீனுக்குரிய எண்கள் அதில் ஏறும். நான்காம் அத்தியாயத்தில், அலை வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அது எப்படி வெளியேறுகிறது என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். அப்படி ஓர் அலை அங்கே இருக்கிறதா என்ற கேள்வி எந்த அத்தியாயத்திலும் வருவதில்லை. என் மனத்தாங்கல் அதுதான்.

நீங்கள் கற்றையைத் தேடிப் போவதன் நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. துடிவிண்மீன்களின் ஒளிர்வு வெப்பநிலை 10²⁵ கெல்வினைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. துகள்கள் தனித்தனியே கதிர்வீசி அந்த ஒளிர்வு வர வேண்டுமானால், ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 10²¹ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சுமக்க வேண்டும். துருவத்திலிருந்து கிளம்பும் முதன்மைத் துகள்களின் லாரன்ஸ் காரணியோ 10⁶ முதல் 10⁷ வரை என்றே மதிப்பிடுகிறோம். அதாவது அவற்றின் ஆற்றல் 10¹² எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. இடையில் நூறு கோடி மடங்கு பள்ளம். கிராப் துடிவிண்மீனின் ராட்சதத் துடிப்புகளில் 2 நானோநொடி மட்டுமே நீடிக்கும் கீற்றுகளை ஹாங்கின்ஸ் குழு 2003இல் அறிவித்தபோது ஒளிர்வு வெப்பநிலை 10³⁷ கெல்வினுக்குப் போனது. ஆகவே துகள்கள் கூடி, ஒரே கட்டத்தில் கதிர்வீசியாக வேண்டும். கூட்டாக இயங்க வைக்கும் வழி எது என்று தேடினால், பாடநூலில் முதலில் கிடைப்பது கற்றை நிலையின்மை. அங்கே போய் நிற்பது இயல்புதான். அங்கேயே நின்றுவிடுவதைத்தான் கேள்வி கேட்கிறேன்.

அந்தச் சூத்திரத்தின் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. 1949இல் அகீசரும் ஃபெயின்பெர்க்கும் ஒரு பக்கம், போமும் கிராஸும் மறுபக்கம், தனித்தனியே கண்ட உண்மை அது. சூரியனின் மூன்றாம் வகை ரேடியோ வெடிப்புகளில் அது வேலை செய்கிறது. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வேகமுள்ள எலக்ட்ரான்கள் சூரிய ஒளிமகுடத்தினூடே பாய்கின்றன. அந்த ஒளிமகுடத்தின் வெப்பநிலை பத்து இருபது லட்சம் கெல்வின். நமக்கு அது பெருநெருப்பு. எலக்ட்ரானின் நிறை ஆற்றலோடு ஒப்பிட்டால் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். அலைக்கும் அடிப்படைப் பிளாஸ்மாவுக்கும் நடுவே வேக இடைவெளி தாராளமாக இருக்கிறது. அங்கேகூட, அலை மிக வேகமாக வளர்ந்து கற்றையையே கலைத்துவிடுமே, அப்படியிருந்தும் கற்றை நெடுந்தூரம் எப்படிப் போகிறது என்று 1964இல் ஸ்டரக் கேட்ட கேள்வி பல ஆண்டுகள் கோட்பாட்டாளர்களைத் தூங்கவிடவில்லை.

செர்னில் நடக்கும் அவேக் சோதனையையும் பாருங்கள். 400 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் கற்றையை 10 மீட்டர் நீள ருபீடியப் பிளாஸ்மாவில் செலுத்துகிறார்கள். கற்றை, தான் எழுப்பும் அலையாலேயே துண்டுதுண்டாக வெட்டுப்பட்டு, அந்த அலையை மேலும் பெரிதாக்குகிறது. 2018இல் அந்த அலையில் எலக்ட்ரான்களை ஏற்றி 2 கிகா எலக்ட்ரான் வோல்ட்வரை முடுக்கிக் காட்டினார்கள். கற்றை சார்பியல் வேகத்தில் போகிறது, பிளாஸ்மா குளிர்ந்து கிடக்கிறது. ஆகவே குளிர்ந்த பிளாஸ்மாவின் கணக்கு அங்கே பொருந்துகிறது.

துடிவிண்மீனின் துருவத்துக்கு மேலே நிலைமை தலைகீழ். அங்கே காந்தப்புலம் 10¹² காஸ் அளவில் இருக்கும். துகள் தன் பக்கவாட்டு ஆற்றலை எல்லாம் நொடியின் மிகச் சிறு துளிக்குள் கதிராக இறைத்துவிட்டு, புலக்கோட்டின் மேல் முன்னும் பின்னும் மட்டுமே ஓட முடியும். அங்குள்ளது எலக்ட்ரான்–பாசிட்ரான் இணைகளால் ஆன பிளாஸ்மா. அந்த இணைகள் அமைதியாகப் பிறந்தவை அல்ல. காமாக் கதிர்கள் புலத்தில் உடைந்து, அருவி அருவியாகப் பெருகி வந்தவை. முழுத் திரளும் ஒரு லாரன்ஸ் காரணியோடு வெளியே ஓடுகிறது. அந்தத் திரளோடு நாமும் ஓடிப் பார்த்தால், உள்ளே துகள்கள் ஒன்றுக்கொன்று சார்பியல் வேகத்தில் சிதறி ஓடிக்கொண்டிருக்கின்றன. பிளாஸ்மாவின் ஓய்வுச் சட்டகத்திலேயே அது சுடுபிளாஸ்மா. இந்த ஒரு செய்தியைத்தான் உங்கள் இரண்டாம் அத்தியாயம் விட்டுவிடுகிறது.

விட்டுவிட்டால் என்ன ஆகிறது என்பதைக் காகிதமும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். புலக்கோட்டின் வழியே செல்லும் நெட்டலையை மட்டும் எடுங்கள். துகள்களுக்கு ஒற்றைப் பரிமாண யூட்னர் பரவலை வையுங்கள். நிறை ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்தால் வரும் எண்ணை 0.1 என்று கொள்ளுங்கள். அப்போது சராசரி லாரன்ஸ் காரணி ஏறத்தாழ 10. துடிவிண்மீனுக்கு இது மிகையான எண் அல்ல. இந்த அலை எந்த அதிர்வெண்ணில் தொடங்குகிறது? லாரன்ஸ் காரணியின் கனத்தைத் தலைகீழாக்கி, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைப் பிளாஸ்மா அதிர்வெண்ணால் பெருக்குங்கள். கிடைப்பது பிளாஸ்மா அதிர்வெண்ணில் 0.3 பங்கு. அங்கே அலையின் கட்ட வேகம் எல்லையற்றது. அதிர்வெண் ஏற ஏற வேகம் இறங்குகிறது. ஒளிவேகத்தை அது தொடுவது எப்போது? சராசரி லாரன்ஸ் காரணியின் இருமடங்குக்கு ஏறக்குறைய வர்க்கமூலம் எடுத்தால் விடை வரும்: பிளாஸ்மா அதிர்வெண்ணைப் போல் 4.5 மடங்கு.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 0.3 முதல் 4.5 வரை, அதாவது அலையின் தொடக்கத்திலிருந்து பதினைந்து மடங்கு அதிர்வெண் நீளத்துக்கு, அந்த அலை ஒளியைவிட வேகமாகப் போகிறது. குளிர்ந்த பிளாஸ்மாவில் நீங்கள் பழகிய எல்லாமே பிளாஸ்மா அதிர்வெண்ணை ஒட்டி நடந்தன. இங்கே அந்த அதிர்வெண்ணில் நிற்கும் அலையை எந்தத் துகளாலும் எட்ட முடியாது. ஓடும் பேருந்தில் ஏற வேண்டுமானால் பேருந்தின் வேகத்துக்கு நாமும் ஓட வேண்டும். பேருந்து ஒளியைவிட வேகமாகப் போனால், எவ்வளவு ஆற்றலுள்ள கற்றையும் நிறுத்தத்திலேயே நிற்க வேண்டியதுதான். ஒத்திசைவு இல்லாத இடத்தில் கற்றை அலைக்கு எதையும் கொடுக்காது.

4.5 மடங்கைத் தாண்டிய பிறகு வேகம் ஒளிக்குக் கீழே இறங்குகிறதே என்பீர்கள். இறங்குகிறது, ஆனால் எவ்வளவு? வேகம் சற்றே கூடுதலாகக் குறைந்தாலும் அலை அடிப்படைப் பிளாஸ்மாவின் துகள்கள் ஓடும் வேகத்துக்குள் வந்து விழுகிறது. அங்கே லாண்டாவ் தணிப்பு காத்திருக்கிறது. 1946இல் லாண்டாவ் காட்டிய அந்த விளைவு எந்தக் கற்றைக்காகவும் இரக்கப்படாது. அலையின் கட்ட வேகத்தையும் லாரன்ஸ் காரணியாக மாற்றி எழுதிப் பாருங்கள். அந்தக் காரணி துகள்களின் சராசரிக் காரணியைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் அலை தணியாமல் பிழைக்கும். சராசரி 10 என்றால், அலை பிழைக்கும் பகுதி ஒளிவேகத்துக்குக் கீழே ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் ஒடுங்கிய கீற்று. உங்கள் கதை முழுவதும் அந்தக் கீற்றுக்குள்தான் நடந்தாக வேண்டும். அதுவும் அலை புலக்கோட்டை ஒட்டியே சென்றால்தான். கோணம் கூடினால் மேல் கிளை முழுவதுமாக ஒளியைவிட வேகமான பக்கத்துக்குப் போய்விடுகிறது.

அலையின் கதை இது. கற்றையின் கதையும் உங்களுக்குச் சாதகமாக இல்லை. லாரன்ஸ் காரணி 1000 கொண்ட கற்றை என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறீர்கள். அந்தக் கற்றையும் அதே அருவியில் பிறந்ததுதானே? அதன் ஓய்வுச் சட்டகத்தில் அதற்கும் அதே சூடு இருக்கும். அங்கே 10 என்ற காரணியோடு முன்னோக்கி ஓடும் ஒரு துகளையும், அதே காரணியோடு பின்னோக்கி ஓடும் ஒரு துகளையும் எடுங்கள். இரண்டையும் 1000க்கு லாரன்ஸ் மாற்றம் செய்யுங்கள். முன்னோக்கி ஓடியதன் காரணி ஏறத்தாழ 20,000 ஆகிறது. பின்னோக்கி ஓடியது 50இல் நிற்கிறது. நானூறு மடங்கு வித்தியாசம். ஆயிரம் என்று நீங்கள் சொன்ன கற்றை உண்மையில் ஐம்பதிலிருந்து இருபதாயிரம்வரை பரந்து கிடக்கிறது. அதன் கீழ்வால் பிளாஸ்மாவின் மேல்வாலோடு போய்க் கலக்கிறது. இரண்டுக்கும் இடையே பள்ளம் இருந்தால்தான் நிலையின்மை. பள்ளமே தூர்ந்துபோன பரவலில் அலையை வளர்க்கும் சரிவு எங்கிருந்து வரும்?

ஆய்வேடுகளில் இந்த இடத்தைக் கடக்க ஒரு குறுக்குவழி வழக்கமாக வருகிறது. விண்மீனின் சட்டகத்தில் நின்றுகொண்டு, கற்றைக்கு ஒடுங்கிய காஸியன் பரவல் ஒன்றை வரைந்துவிடுகிறீர்கள். கணக்கு சுலபமாகிறது, வளர்வீதமும் பெரிதாக வருகிறது. ஆனால் அந்த ஒடுக்கம் எங்கிருந்து வந்தது? எந்த இயற்பியல் அதைக் கொடுத்தது? ஓய்வுச் சட்டகத்தில் அந்தப் பரவலை மாற்றி எழுதினால் அது எப்படித் தெரியும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் வரும் வளர்வீதம், நீங்கள் உள்ளே போட்டதையே வெளியே எடுத்துக் காட்டுகிறது.

இவை என் சொந்தக் கண்டுபிடிப்புகள் அல்ல. இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது உங்கள் முன்னுரையில் பாதிதான் வருகிறது. 1975இல் ரூடர்மனும் சதர்லாந்தும் முதன்மைக் கற்றை இணைப்பிளாஸ்மாவைக் கிளறி அலை எழுப்பும் என்று முன்மொழிந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பென்ஃபோர்டும் புஷாவரும் அந்த வளர்ச்சி போதாது என்று காட்டினார்கள். 10⁶ என்ற லாரன்ஸ் காரணியால் வகுத்த பிறகு வளர்வீதத்தில் மிச்சம் என்ன இருக்கும்? 1987இல் ஊசோவ் வேறு வழி சொன்னார்: இணைகள் தொடர்ச்சியாக வராமல் மேகம் மேகமாக வருகின்றன, பின்னால் வரும் மேகத்தின் வேகமான துகள்கள் முன்னால் போன மேகத்தின் மெதுவான துகள்களை முந்துகின்றன, அந்த முந்தலில் நிலையின்மை பிறக்கிறது. நல்ல யோசனை, இன்றும் பலர் நம்பியிருப்பது அதைத்தான். 1999இல் மெல்ரோஸும் கெடாலினும் சார்பியல் பிளாஸ்மா உமிழ்வு என்ற கருத்தையே விமர்சித்து எழுதினார்கள். 2019இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரஃபாத், மெல்ரோஸ், மஸ்ட்ரானோ மூவரும் மூன்று கட்டுரைகளாக, ஓய்வுச் சட்டகத்தில் தொடங்கி, விண்மீன் சட்டகத்துக்கு வந்து, கற்றை நிலையின்மையில் முடித்து, நான் மேலே சொன்னதை முழுக் கணிதத்தோடு வைத்தார்கள். 2021இல் இன்னொரு கட்டுரையில், கற்றையால் எழும் அலைகளை நம்பும் விளக்கங்களே துடிவிண்மீனுக்குப் பொருந்துவது கடினம் என்று முடிவு சொன்னார்கள். ஊசோவை மேற்கோள் காட்டும் நீங்கள் இவர்களைக் காட்டாமல் போவது ஏன்?

அவர்கள் சொன்னதே இறுதித் தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. பெனாச்செக் உள்ளிட்ட குழுவினர் 2021இல் நேரியல் கோட்பாட்டோடும் துகள் உருவகப்படுத்தலோடும் விரிவான அளவுரு வெளியைத் துழாவி, குறிப்பிட்ட எல்லைக்குள் போதுமான வளர்ச்சி கிடைக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். மறுப்பதானாலும் அப்படி மறுக்க வேண்டும். எந்தப் பரவல், எந்தச் சூடு, எவ்வளவு வேக இடைவெளி என்று சொல்லிவிட்டு, எங்கே வளர்கிறது, எங்கே வளரவில்லை என்று எல்லை வரைந்து காட்ட வேண்டும். நான் கேட்பதும் அதுதான். எல்லையே வரையாமல் வளர்கிறது என்று மட்டும் எழுதும் கட்டுரைகளால்தான் இந்தத் துறை அரை நூற்றாண்டாக ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வளர்ச்சி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். நேரம் இருக்கிறதா? செறிவு 10¹³ மடங்கு பெருக வேண்டுமானால் அது முப்பது முறை இயற்கை மடக்கையின் அடிமானத்தால் பெருக வேண்டும். பிளாஸ்மாவின் கடிகாரத்தில் அதற்கு ஆகும் நேரம், விண்மீன் சட்டகத்தில் திரளின் லாரன்ஸ் காரணி அளவுக்கு நீண்டுபோகிறது. அந்த நேரத்துக்குள் பிளாஸ்மா வெளியே ஓடிக்கொண்டே இருக்கிறது. தூரம் இருமடங்கானால் அடர்த்தி எட்டில் ஒன்றாகிறது, பிளாஸ்மா அதிர்வெண் மூன்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் விழுகிறது. ஒத்திசைவுக் கீற்று ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் ஒடுங்கியது என்று பார்த்தோம். அந்த அலை கீற்றுக்குள் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்? உங்கள் கணக்கில் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள்.

கணினியில் உருவகப்படுத்தல் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். திரையில் அலை வளர்வதைக் கண்ணால் பார்த்தேன் என்கிறீர்கள். ஆனால் சார்பியல் வேகத்தில் ஓடும் பிளாஸ்மாவைக் கட்டங்களாகப் பிரித்த வெளியில் ஓடவிட்டால், அந்தக் கட்டத்தில் ஒளியே சற்று மெதுவாகப் போகும். துகள் அந்த ஒளியை முந்தும். முந்தினால் செரென்கோவ் கதிர் வரும். இயற்கையில் இல்லாத நிலையின்மை கணினியில் மட்டும் பிறக்கும். காட்ஃப்ரி இதை 1974லேயே எழுதிவிட்டார். கற்றையே இல்லாமல் அதே நிரலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அலை வளர்ந்தால், வளர்ப்பது விண்மீன் அல்ல, உங்கள் நிரல்தான். இந்தச் சோதனை ஓட்டத்தின் முடிவை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைப்பதற்கு என்ன தயக்கம்?

இந்தச் சிக்கல் துடிவிண்மீனோடு முடியவில்லை. பிளேசார்களிலிருந்து வரும் உயர் ஆற்றல் காமாக் கதிர்கள் விண்மீன்மண்டலங்களுக்கு இடையிலான வெளியில் இணைகளாக உடைகின்றன. அந்த இணைக்கற்றையின் ஆற்றலைப் பிளாஸ்மா நிலையின்மை விழுங்கிவிடுகிறதா என்பது 2012இல் பிராடரிக், சாங், ஃப்ரோமர் ஆகியோரின் கட்டுரைகளிலிருந்து நடந்துவரும் விவாதம். விழுங்குகிறது என்றால், வெற்று வெளியின் காந்தப்புலத்துக்கு நாம் போட்டிருக்கும் கீழ்வரம்புகளை மறுபடி யோசிக்க வேண்டும். அதைச் சோதிக்க செர்னில் 440 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை இலக்கில் மோதவிட்டு, 10¹³க்கு மேற்பட்ட இணைகள் கொண்ட கற்றையை உண்டாக்கிப் பிளாஸ்மாவில் பாய்ச்சினார்கள். கற்றை பெரிதாகக் கலையாமல் போனது. அங்கேயும் பாடம் ஒன்றுதான்: உண்மையான கற்றைக்கு அகலம் உண்டு, அந்த அகலம் வளர்ச்சியை அமுக்கும்.

இனி நெறியாளர்களே, உங்களிடம். மாணவர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. வளர்ச்சி போதாது என்று முடியும் ஆய்வேட்டை எத்தனை பேர் மனமாரக் கையெழுத்திட்டு அனுப்புவோம்? விடை வராத கணக்கு என்று மாணவரைத் திருப்பி அனுப்பி, அளவுருவைக் கொஞ்சம் மாற்றிப் பாரேன் என்று சொல்வது நாம்தான். கற்றையின் அகலத்தைக் குறைக்கக் குறைக்க வளர்ச்சி வரும் என்பதை மாணவர் இரண்டே வாரத்தில் கண்டுகொள்வார். ஒடுங்கிய கற்றைக்கு நியாயம் அப்புறம் தேடப்படும், கிடைக்காவிட்டால் அடிக்குறிப்பில் ஒதுக்கப்படும். முடிவு இல்லை என்பதும் ஒரு முடிவு என்று வகுப்பில் சொல்லிவிட்டு, அறையில் வேறு மாதிரி நடந்துகொள்கிறோம். ஒரு கதவு மூடியிருக்கிறது என்று உறுதியாகக் காட்டும் மாணவர், அடுத்து வருகிறவரின் மூன்று ஆண்டுகளை மிச்சப்படுத்துகிறார். முனைவர் பட்டத்துக்கு அது போதாதா?

ஒரு கதவு மூடினால் மற்றவை இருக்கின்றன. 2020இல் ஃபிலிப்போவ், டிமோகின், ஸ்பிட்கோவ்ஸ்கி மூவரும், இணை மின்னிறக்கம் மின்புலத்தை மறைக்கும்போது, அந்த மறைப்பு புலக்கோட்டுக்குப் புலக்கோடு சீராக இல்லாததாலேயே மின்காந்த அலை நேராகப் பிறக்கலாம் என்று உருவகப்படுத்திக் காட்டினார்கள். அங்கே கற்றை ஒத்திசைவு தேவையே இல்லை. ஒளியைவிட வேகமான கட்ட வேகம் கொண்ட பெருவீச்சு அலைவுகளையும் தொடக்கமாகக் கொள்ளலாம். சுடுபிளாஸ்மாவில் அலை 0.3 முதல் 4.5 வரை அந்தப் பக்கத்தில்தானே நிற்கிறது? இயற்கை அகலமாகத் திறந்து வைத்திருக்கும் வாசலை விட்டு, கீற்றுக்குள் நுழைய ஏன் இத்தனை பேர் நெருக்கியடிக்க வேண்டும்?

கோட்பாட்டைத் தட்டிக்கேட்க நம் பக்கத்திலேயே தரவும் இருக்கிறது. ஊட்டி முத்தொரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கி, 1970இலிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸில் வானைப் பார்க்கிறது. துடிவிண்மீன்களும் அதன் பார்வையில் அடக்கம். புனேக்கு அப்பால் கோடத்தில் 45 மீட்டர் குறுக்களவுள்ள முப்பது தட்டுகள் நிற்கின்றன. அங்கே எடுக்கப்பட்ட தனித்தனித் துடிப்புகளின் முனைவாக்கத்தை வைத்து, சாதாரணத் துடிவிண்மீன்களில் ரேடியோ அலை பிறக்கும் இடம் ஒளி உருளையின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த உயரத்தில் அடர்த்தி என்ன, பிளாஸ்மா அதிர்வெண் என்ன, உங்கள் அலையின் அதிர்வெண் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வெளிநாட்டுப் பயணம் வேண்டியதில்லை. கோட்பாட்டுக்காரர்கள் அளவீட்டுக்காரர்களின் அறைக்கு நடந்து போனால் போதும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மாணவர்களே, கற்றையைத் தொடுவதற்கு முன் பிளாஸ்மாவின் ஓய்வுச் சட்டகத்துக்குப் போங்கள். துகள்களின் பரவல் எது, சராசரி லாரன்ஸ் காரணி எவ்வளவு என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்தப் பரவலுக்குரிய டிஸ்பெர்ஷன் வளைகோட்டை வரைந்து, ஒளிக்கோட்டை அது எங்கே வெட்டுகிறது என்று குறியுங்கள். வெட்டும் இடத்துக்கு அப்பால் தணிப்பில்லாத கீற்று எவ்வளவு அகலம் என்று நிழலிட்டுக் காட்டுங்கள். பிறகு கற்றையை முழு அகலத்தோடு அதன் மேல் வையுங்கள். நெறியாளர்களே, தேர்வாளர்களே, இந்த ஒரு வரைபடம் இல்லாத ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வுக்கு அனுமதிக்காதீர்கள். இருந்தால், முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் அதற்கு உரிய மதிப்பைக் கொடுங்கள். பாடத்திட்டத்தில் குளிர்ந்த கற்றைக்கு நான்கு வகுப்பு ஒதுக்கும் இடத்தில், ஒன்றையாவது சுடுபிளாஸ்மாவுக்கு மாற்றுங்கள்.

வரைபடத்தில் அலையும் கற்றையும் சந்தித்தால் தைரியமாக எழுதுங்கள், நான் முதல் ஆளாகப் படிப்பேன். சந்திக்காவிட்டால், சந்திக்கவில்லை என்றே எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆய்வேடுகளின் வாசகர்களில் ஒருவர்